புளியை எடுக்கும் முன் உலோகத்தைப் பாருங்கள்

மழை தொடங்கியதிலிருந்து மும்பை வாசகர்களின் கடிதங்களில் ஒரே சாமான் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளங்கையில் அடங்கும், மூடியைத் திருகினால் உள்ளே இருக்கும் பற்கள் காய்ந்த இலையைத் துகளாக்கும், அந்த உலோக மூலிகை கிரைண்டர். பால்கனித் தொட்டியில் துளசியும் புதினாவும் வளர்ப்பவர்கள் பலரும் இதை வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வாங்கும் முன் யாரும் கேட்கவில்லை. பிசின் பிடித்து மூடி இறுகிய பிறகு கேட்கிறார்கள். இந்த வாரப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான்கு அடுக்கு கொண்ட கறுப்பு அலுமினிய கிரைண்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். துளசி, கற்பூரவல்லி இரண்டையும் நிழலில் காயவைத்து அரைக்கிறேன். ஒரு மாதத்திலேயே பற்களுக்கு இடையில் பழுப்பு நிறப் பிசின் அப்பிக்கொண்டது. மாமியார் சொன்னபடி புளியும் கல் உப்பும் கரைத்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் கறுப்பு ஆங்காங்கே வெளுத்து, பற்களின் மேல் சாம்பல் பூத்திருக்கிறது. பிசின் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனி இதைப் பயன்படுத்தலாமா? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: மாமியார் மேல் பழி போடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளியும் உப்பும்தான் காலங்காலமாக வேலை செய்கின்றன. அலுமினிய குக்கரின் அடி கறுக்காமலிருக்க, வைக்கும் தண்ணீரில் ஒரு துணுக்குப் புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அங்கே அது பலிக்கிறது. குக்கர் தடித்த அலுமினியம், புளி ஒரு துணுக்கு, அடுப்பில் இருக்கும் நேரமோ கொஞ்சம்.

உங்கள் கிரைண்டரின் கறுப்பு நிறம் வேறு சங்கதி. அலுமினியத்தின் மேல்தோலை மின்சாரத்தின் உதவியால் தடிக்கவைத்து, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, துளைகளை அடைத்துவிடுகிறார்கள். ஆனோடைஸ் செய்வது என்று கடைகளில் சொல்வது இதைத்தான். அந்தத் தோல் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு (குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை. கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீர் 4-க்குக் கீழே போய்விடும். கூடவே உப்பு. தோல் பெயர்ந்த இடத்தில் உப்பு புகுந்தால் அலுமினியத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழிகளைப் பறித்துவிடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் பூத்த பரப்பு அப்படி வந்ததுதான். பிசினோ இலையின் எண்ணெயும் மெழுகும் சேர்ந்து இறுகியது, அதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கரைய வேண்டியது கரையவில்லை, கரையக் கூடாதது கரைந்துவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். ஈரம் போகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே அரை நாள் வையுங்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு பற்களின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால், அழகு போனது என்பதைத் தவிர வேறு நட்டமில்லை. துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் இன்னொரு முறை கழுவிக் காயவைத்துச் சோதியுங்கள். அப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தால், அல்லது நகத்தால் கீறியதும் செதில் பெயர்ந்தால், அது தேநீருக்குள் போக வேண்டிய பொருள் அல்ல. விட்டுவிடுங்கள்.

பிசினை எடுக்கும் முறை வேறு. எல்லா அடுக்குகளையும் கழற்றி, காற்றுப் புகாத உறையில் போட்டு, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். உறை அவசியம், இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் மும்பைக் காற்றின் ஈரம் முழுவதும் உலோகத்தின் மேல் வியர்த்துவிடும். குளிரில் பிசின் பிசுபிசுப்பை இழந்து கடினமாகும். எடுத்த கையோடு ஒரு தட்டின் மேல் கவிழ்த்து, மரக்கரண்டிக் காம்பால் முதுகில் தட்டினால் துண்டு துண்டாக உதிரும். ஓரிரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், சூடேறினால் மறுபடி பசையாகிவிடும். உதிராமல் இடுக்கில் நிற்பதை மூங்கில் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். கத்தி, ஊசி, இரும்பு நார் எதுவும் கிட்டே வரக் கூடாது. அதன் பிறகும் மினுமினுப்பாக ஒட்டியிருக்கும் கடைசிப் பசைக்கு மட்டும் ஆல்கஹால். அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

உங்களிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது, சுத்தம் செய்வதைவிட அதுதான் முக்கியம். கற்பூரவல்லியை அந்த கிரைண்டரில் போடுவதை நிறுத்துங்கள். அது சதைப்பற்றுள்ள இலை. மேல்தோல் காய்ந்து சருகு போலத் தெரிந்தாலும் நடு நரம்பை ஒட்டி ஈரம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஜூலை மாதத்தில் மாட்டுங்கா வீட்டு நிழலில் அது காயவே காயாது. அரைபட்டதும் அந்தச் சாறும் தூளும் சேர்ந்து பற்களுக்கு இடையில் களிம்பாகிவிடும். உங்கள் பழுப்புப் பிசினில் பெரும் பங்கு அதனுடையதாகத்தான் இருக்கும். கற்பூரவல்லியைப் பச்சையாகவே கஷாயத்தில் கிள்ளிப் போடுங்கள். துளசியும் புதினாவும் போதுமான அளவு காய்ந்தனவா என்று பார்க்க ஒரே சோதனை: காம்பை வளைத்தால் மடங்கக் கூடாது, சட்டென்று ஒடிய வேண்டும். மழைக்காலத்தில் தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்த பிறகு, கல்லின் சூடு தணிந்துவரும்போது ஒரு தட்டில் இலையைப் பரப்பி அதன் மேல் கால் மணி நேரம் வைத்தால் கடைசி ஈரமும் போய்விடும்.

கேள்வி: கிரைண்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும் என்கிறார்கள். எங்கே கிடைக்கும்? வீட்டில் மீந்திருக்கும் சானிடைசர் போதாதா? (வாசகர், செம்பூர்)

பதில்: போதாது. சானிடைசரில் கையின் தோல் வறளாமலிருக்க கிளிசரினும், கெட்டியாக நிற்பதற்கு வேறு சில பொருள்களும், வாசனையும் சேர்த்திருப்பார்கள். ஒரு பசையை எடுக்கப் போய் இன்னொரு பசையை ஏற்றிவிடுவீர்கள். மருந்துக் கடைகளில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம். யாரும் குடிக்காமலிருக்க அதில் வேறு ரசாயனங்கள் கலந்திருக்கும். வாயில் போகும் பொருளை அரைக்கும் கருவிக்கு அது ஆகாது.

மும்பையில் இருந்துகொண்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாமா? லாமிங்டன் ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்பவர்கள் சர்க்யூட் பலகையைத் துடைப்பதற்காக இதையே விற்கிறார்கள். பிரின்சஸ் தெருவின் ரசாயனக் கடைகளிலும் கிடைக்கும். சின்ன பாட்டில் போதும். சீட்டில் பெயரும் அடர்த்தியும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள்.

முறை எளிது. ரப்பர் வளையம், பிளாஸ்டிக் துண்டு, அக்ரிலிக் மூடி இருந்தால் முதலில் கழற்றி ஒதுக்குங்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். உலோகப் பாகங்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை ஊற்றி மூடி, இருபது முப்பது நிமிடம் கழித்துக் குலுக்குங்கள். திரவம் பச்சை கலந்த பழுப்பாக மாறும். எடுத்து பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, முற்றிலும் காயவைத்த பிறகே மறுபடி இலையைப் போட வேண்டும்.

இனி எச்சரிக்கை. இந்தத் திரவத்தின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும். மும்பையில் 12 டிகிரிக்குக் கீழே குளிரும் வீடு ஏது? ஆகவே, பாட்டிலைத் திறந்த நொடியிலிருந்து அது தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பூஜை அறைக்குப் பக்கத்திலும் செய்யாதீர்கள், அங்கே விளக்கோ ஊதுபத்தியோ எரிந்துகொண்டிருக்கும். ஜன்னல் திறந்த பால்கனி நல்லது, சிகரெட் பிடிப்பவர் அங்கே நிற்காதவரை. சீக்கிரம் கரையட்டும் என்று சூடுபடுத்தும் எண்ணம் கனவிலும் வரக் கூடாது.

கேள்வி: டிஷ்வாஷரில் போடலாமா? (வாசகர், பவாய்)

பதில்: அலுமினியமானால் கூடாது. டிஷ்வாஷர் தூள் நல்ல காரம். ஒரே சுற்றில் நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளியே வரும். சமையல் சோடாவும் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கழுவினால் பெரிதாகக் கெடுதல் இல்லை, வெந்நீரில் போட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். எவர்சில்வர் கிரைண்டர் காரத்தைத் தாங்கும். மூடிக்குள் இருக்கும் காந்தம் சூட்டைத் தாங்காது. இந்தச் சின்ன நியோடிமியம் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் போனால் வலுவை இழக்கும், ஒட்டவைத்த பசையும் இளகும். அதே காரணத்தால், கிருமி போகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: ‘விமானத் தர அலுமினியம்’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு கிரைண்டர் வாங்கினேன். கையில் எடுத்தால் இரும்புக் குண்டு போலக் கனக்கிறது. வெள்ளி நிறப் பூச்சு ஓரத்தில் உரிகிறது. விற்றவரிடம் கேட்டால், ‘கனமாக இருந்தால்தான் தரம்’ என்கிறார். ஏமாந்துவிட்டேனா? எப்படி நிரூபிப்பது? (வாசகர், முலுண்டு)

பதில்: ‘விமானத் தரம்’ என்பது விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த சொல். அலுமினியக் கலவைகளுக்கு 6061, 7075 என்று எண்கள் உண்டு. அந்த எண்ணைப் போடாமல் விமானத்தை மட்டும் போட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. உங்கள் கிரைண்டர் அலுமினியமா இல்லையா என்பதை, சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். பலமாக இழுத்தால் இரும்பு. இழுக்காவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், துத்தநாகக் கலவையாகவும் இருக்கலாம், நல்ல ரக எவர்சில்வராகவும் இருக்கலாம். மூன்றையும் பிரிப்பது எடைதான். காந்தம் ஒட்டியிராத ஒரு பாகத்தை, உதாரணமாக அடிக்கிண்ணத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். கிண்ணத்தை நூலில் கட்டி, தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல், கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எண்தான் அந்த உலோகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். திருகுமரையில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், ஒரு முறை ஆட்டிவிட்டுப் பாருங்கள்.

எடையைக் கன அளவால் வகுத்து வரும் விடை 2.7-ஐ ஒட்டியிருந்தால் அலுமினியம். 6.6, 6.7 என்று வந்தால் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றியது. 8-ஐ ஒட்டி வந்தால் எவர்சில்வர். கிண்ணம் 94 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு 14 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 6.7. அதே அளவுக் கிண்ணம் உண்மையிலேயே அலுமினியமாக இருந்திருந்தால் 38 கிராம்தான் இருக்க வேண்டும். கனம்தான் தரம் என்று சொன்ன வியாபாரியின் வாதம் அவர் வாயாலேயே கவிழ்ந்துவிடுகிறது.

துத்தநாகக் கலவை விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பற்கள் எளிதில் முனை உடையும். மேலே பூசுவது பெரும்பாலும் நிக்கலும் குரோமும்தான். பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டால் அந்தச் செதில் துளசித் தூளோடு கலக்கும், அதைச் சலித்துப் பிரிக்க யாராலும் முடியாது. ஆகவே, வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அதில் இனி அரைக்காதீர்கள்.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம். தராசு எண் தெரியும்படி இரண்டு புகைப்படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘அலுமினியம்’ என்று போட்டிருப்பதையும் படமெடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். அவர் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டாதீர்கள், அந்த அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த விலைச் சாமானுக்கு அந்த அழைப்பே பெரும்பாலும் போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. இன்னொரு பிடியும் இருக்கிறது. உறையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும், அதிகபட்ச விலையும், புகாருக்கான தொடர்பும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதி. உங்களுக்கு வந்தது வெறும் குமிழ் உறையில் சுற்றிய பொருள் என்றால், புகாரில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சல்லடை அடைத்துக்கொண்டு தூள் கீழே இறங்குவதே இல்லை. ஊசியால் குத்திக் குத்தி ஓரிடத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. (வாசகி, டோம்பிவிலி)

பதில்: பெரிதான ஓட்டையைச் சிறிதாக்க வழி இல்லை, சல்லடை மட்டும் தனியாகத் திருகி எடுக்கும் மாதிரி என்றால் மாற்று வாங்கலாம். ஊசி அந்த நுண்கம்பிகளை விலக்கிவிடும், ஒரு முறை விலகினால் திரும்பி வராது. அடுத்த முறை குளிரவைத்த பிறகு அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பிரஷ்ஷை ஓட்டுங்கள். மேலிருந்து தேய்த்தால் துகள் இன்னும் ஆழமாக இறங்கும். உண்மையைச் சொல்லப்போனால், தேநீருக்கும் கஷாயத்துக்கும் அரைப்பவர்களுக்கு இந்தச் சல்லடை அடுக்கே தேவையில்லை. எப்படியும் வடிகட்டித்தானே குடிக்கிறீர்கள்? இரண்டு துண்டு மாதிரியில் சுத்தம் செய்ய இரண்டே பரப்புதான். நான்கடுக்கு மாதிரியில் சல்லடை, அதைப் பிடிக்கும் வளையம், திருகுமரைகள் என்று வேலை பெருகும்.

கேள்வி: மூடி இறுகிவிட்டது. கணவர் பிளையரை எடுத்துக்கொண்டு நிற்கிறார். (வாசகி, தாராவி)

பதில்: பிளையரை வாங்கி உள்ளே வையுங்கள். வட்டமான அலுமினிய மூடியைப் பிளையரால் பிடித்தால் முட்டை வடிவமாக நசுங்கும், பிறகு எந்தக் காலத்திலும் சேராது. முழு கிரைண்டரையும் உறையில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஓரத்தை மேசை விளிம்பில் மெல்ல நான்கு பக்கமும் தட்டி, பிறகு திருகுங்கள். அசையவில்லை என்றால் நேர்மாறாக, ஹேர் டிரையரால் மூடியின் ஓரத்தை மட்டும் இளஞ்சூடாக்கித் திருகிப் பாருங்கள். இரண்டில் ஒன்று பலிக்கும்.

திறந்ததும் திருகுமரையைப் பாருங்கள். பச்சைத் தூள் பசையோடு சேர்ந்து நூல் போலச் சுற்றியிருக்கும். ஆல்கஹால் நனைத்த துணியின் விளிம்பை மரைக்குள் கொடுத்து, கிரைண்டரைச் சுழற்றினால் வந்துவிடும். திரும்ப மூடும்போது எடுத்த எடுப்பில் வலப்பக்கம் திருகாதீர்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றினால் ஓரிடத்தில் ‘டிக்’ என்று மூடி இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை மேல் மரை ஏறாது. மெல்லிய அலுமினிய மரைகள் பாழாவது பெரும்பாலும் அவசரமாக மூடும் அந்த ஒரு நொடியில்தான்.

எண்ணெய் போடலாமா என்று கேட்கத் தோன்றும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், சில வாரத்தில் சிக்குப் பிடித்து அவையே பசையாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு துளியை விரல்நுனியில் தொட்டு மரையில் மட்டும் பூசி, துடைத்துவிடுங்கள். பற்களில் படக் கூடாது.

கேள்வி: இதிலேயே மிளகு, சுக்கு, கிராம்பும் பொடிக்கலாமா? (வாசகர், பாண்டுப்)

பதில்: வேண்டாம். இலைக்காகச் செய்த பல்லில் சுக்கைக் கொடுத்தால் பல் போகும். மிக்ஸியைச் சுத்தம் செய்ய அரிசி போட்டு ஓட்டுவது போல இதில் அரிசியைப் போட்டுத் திருகுபவர்களுக்கும் இதே பதில், மணி இடுக்கில் சிக்கி நின்றுவிடும். இரண்டு மிளகுக்குச் சின்ன உரல் போதும். ஆண்டு மசாலாவுக்கு லால்பாகில் மசாலாவை இடித்துப் பொடிக்கும் டங்கா இயந்திரங்கள் இருக்கின்றன.

கேள்வி: ஊரிலிருந்து வந்த உறவினர் மகன் எங்கள் வீட்டு கிரைண்டரைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தான். இணையத்தில் தேடினால் சிகரெட் தாளோடு சேர்த்தே இதைக் காட்டுகிறார்கள். வீட்டில் வைத்திருப்பது தவறா? எனக்கு வயது அறுபத்தெட்டு. (வாசகர், சயான்)

பதில்: ஐயா, அந்தப் பையன் எதற்குச் சிரித்தான் என்பதை அவனுடைய அப்பா விசாரிக்கட்டும். இந்தக் கருவியில் கஞ்சா அரைப்பவர்களும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் தடுப்பது அந்தக் கஞ்சாவை. துளசி பொடிக்கும் டப்பாவை வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால், பிறர் பயன்படுத்தியதை, பழையதை, யாரோ கொடுத்தார்கள் என்று வாங்காதீர்கள். அதில் முன்பு என்ன அரைபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாக வாங்கினாலும் முதல் முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் இலையைப் போட வேண்டும். கடைசல் இயந்திரத்தின் எண்ணெயும் மயிரளவுச் சீவலும் புது கிரைண்டரில் சர்வசாதாரணம். உள்ளே இருக்கும் காந்தம் அலுமினியச் சீவலை இழுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எதைத்தான் வாங்குவது? அலுமினியமா, எவர்சில்வரா, பித்தளையா? (வாசகி, நவி மும்பை)

பதில்: பித்தளை பார்க்க அழகு. ஆனால் கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்த வகைப் பித்தளையில் ஈயம் சேர்ப்பதுண்டு. பூஜைச் சாமானுக்குச் சரி, இதற்கு வேண்டாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்டால், 304 ரகம் என்று அச்சிட்ட எவர்சில்வரில், சல்லடை இல்லாத, இரண்டு துண்டு மாதிரி. பூச்சே கிடையாது, ஆகவே உரிவதற்கும் எதுவும் கிடையாது. புளியோ சோப்போ மாமியாரோ அதை ஒன்றும் செய்ய முடியாது. விலை கூடுதல்தான். மாதத்துக்கு ஒரு கைப்பிடி துளசி பொடிப்பவர் என்றால் எதையும் வாங்காதீர்கள். நன்றாகக் காய்ந்த இலையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்தாலே நொறுங்கிவிடும்.

கேள்வி: பழுதான அலுமினிய கிரைண்டரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. (வாசகி, அணுசக்தி நகர்)

பதில்: பழைய சாமான் எடுக்க வரும் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடுங்கள். போடும் முன் மூடிக்குள் இருக்கும் காந்தத்தையும் சல்லடை வளையத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ‘கலப்படம்’ என்று சொல்லி இரும்பு விலைக்குக் கேட்பார். அந்தக் காந்தத்தைக் குழந்தைகள் கையில் கிடைக்காத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. துத்தநாகக் கலவையாக இருந்தால் ‘ஜஸ்தா’ என்று சொல்லிக் கொடுங்கள், அதற்குத் தனி விலை உண்டு.